வாக்கன் திறந்தவெளி ராக் விழாவுக்கு முதன்முறை செல்வோருக்கு

ஜெர்மனியின் வடகோடியில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் வாக்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் மாடுகளும் சோளக்கொல்லைகளுமாக அமைதியாகக் கிடக்கும் இந்த ஊருக்கு, ஜூலை கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும் சந்திக்கும் வாரத்தில் மட்டும் எண்பத்தைந்தாயிரம் பேர் வரை வந்து, வயல்களில் கூடாரமடித்து, புதன் முதல் சனி வரை ராக், மெட்டல் இசை கேட்கிறார்கள். 1990-இல் தாமஸ் யென்சன், ஹோல்கர் ஹ்யூப்னர் என்ற இரு நண்பர்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சரளைக் குழியில் ஆறு குழுக்களை வைத்து, எண்ணூறு பேர் அளவிலான கூட்டத்துக்கு நடத்திய நிகழ்ச்சிதான் இவ்வளவு பெரியதாக வளர்ந்திருக்கிறது. 2013-இல் பெங்களூரின் கிரிப்டாஸ் குழுவும் 2019-இல் டெல்லியின் பிளட்டிவுட் குழுவும் இங்கே வாசித்த பிறகு, நம் பக்கத்திலிருந்து படிக்கவும் வேலைக்கும் ஜெர்மனி வந்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் இந்த விழாவைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு மாலை நிகழ்ச்சிக்குப் போய்வருவதும் நான்கு நாள் வயலில் வாழ்ந்து இசை கேட்பதும் வேறு வேறு. முதல் நாளே தொண்டை கிழியக் கத்தி, இரவு முழுக்க விழித்து, சாப்பாட்டை மறந்து திரிந்தவர்கள், தாங்கள் எந்தக் குழுவுக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருந்தார்களோ அந்தக் குழு சனிக்கிழமை மேடையேறும்போது கூடாரத்தில் சுருண்டு கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசி இரவும் இரண்டு காலில் உறுதியாக நின்று கேட்கும் நிலையில் உடம்பு இருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

டிக்கெட்டும் பயணமும்

ஒரு விழா முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக்கான டிக்கெட் விற்பனை தொடங்கிவிடும். சில ஆண்டுகளில் சில மணி நேரத்திலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கிறது. எனவே, வர விரும்பும் ஆண்டுக்கு முந்தைய கோடையிலேயே விழாவின் அதிகாரப்பூர்வ விற்பனைப் பக்கத்தில் கணக்கு தொடங்கி வைப்பது நல்லது. 2024-இல் டிக்கெட் விலை 333 யூரோ. கூடாரமடிக்கும் இடமும் அந்த விலைக்குள் அடக்கம். மாணவர்களுக்கு இது பெரிய தொகைதான் என்றாலும், நான்கு நாள் தங்குமிடத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் நியாயமாகவே படுகிறது. டிக்கெட் கிடைக்கவில்லை என்றால், வாங்கியவர்கள் திருப்பி விற்க விழாவே ஒப்புக்கொண்டிருக்கும் வழி என்னவென்று பார்த்து, அதன் மூலமாக மட்டும் வாங்குங்கள். முகம் தெரியாதவர் அனுப்பும் படக்கோப்பை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.

ஹாம்பர்க்கிலிருந்து இட்சஹோ நகரம் வரை ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வட்டார ரயில்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை மாதந்தோறும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயணத்துக்குத் தனிச்செலவு இல்லை. இட்சஹோவிலிருந்து வாக்கன் சுமார் 15 கிலோமீட்டர். விழா நாட்களில் அங்கிருந்து தனிப் பேருந்துகள் ஓடுகின்றன. காரில் வருவதை முதன்முறை வருவோருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 2023-இல் பல நாள் பெய்த மழையில் வயல்கள் சேற்றுக்குழம்பாகி, வந்த வண்டிகள் அச்சு வரை புதைந்து, ஊர் உழவர்கள் டிராக்டர் கட்டி ஒவ்வொன்றாக இழுத்தார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி அன்று இனி யாரும் உள்ளே வர வேண்டாம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்து, வழக்கத்தைவிடக் குறைந்த கூட்டத்தோடு விழா நடந்தது. வழியில் திரும்பிப் போனவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே வானிலையையும் விழாக் குழுவின் அறிவிப்புகளையும் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

வடஜெர்மனியின் ஆகஸ்ட் மாதத்தை நம் ஊர் ஆகஸ்ட் என்று எண்ணிக் கிளம்பக் கூடாது. பகலில் இருபது பாகையைத் தாண்டும் வெப்பம் இரவில் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கிவிடும். மழையில் நனைந்த உடம்புக்கு அது மார்கழிக் குளிரைவிடக் கடுமையாக இருக்கும். ஒரு தடித்த ஸ்வெட்டர், காற்றும் நீரும் புகாத மேலங்கி, நான்கு நாளுக்கு எட்டு ஜோடி காலுறைகள், அந்தக் காலுறைகளை மட்டும் தனியே கட்டி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை ஆகியவை கட்டாயம். குடை வேண்டாம். கூட்டத்தில் அது பின்னால் நிற்பவரின் கண்ணைக் குத்தும். உள்ளே விடவும் மாட்டார்கள்.

கம்பூட்ஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதை வாங்கும்போது இரண்டு காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். தளர்வாக இருந்தால் முதல் சேற்றிலேயே கால் மட்டும் மேலே வரும், பூட்ஸ் உள்ளேயே நின்றுவிடும். வாக்கன் சேறு நம் நஞ்சை வயலின் சேறு போல இளகலானது அல்ல. பல்லாயிரம் கால்கள் மிதித்து மிதித்துப் பிசைந்த மாவு போல இறுகி, காலைக் கவ்விப் பிடிக்கும் தன்மையுடையது. நேராக மேலே இழுத்தால் உறிஞ்சுவது போன்ற ஓர் ஒலியோடு அது இன்னும் இறுகப் பிடிக்கும். குதிகாலை முதலில் சற்றுத் தூக்கி, காலைப் பக்கவாட்டில் லேசாகத் திருகினால், இடுக்கு வழியே காற்று உள்ளே போய்ப் பிடி தளரும். அதன் பிறகு விரல் பகுதியைத் தூக்கலாம். நடவு வயலில் நடந்து பழகியவர்களுக்கு இது யாரும் சொல்லித்தராமலே வரும். வைக்கோல் பரப்பிய பாதை கண்ணில் பட்டால் சுற்றுவழி ஆனாலும் அதில் செல்லுங்கள். மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியதும் பாதங்களைத் துடைத்து உலர்த்தி, உலர்ந்த காலுறை மாட்டிய பிறகே படுக்க வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறி வெளுத்துச் சுருங்கிய பாதம், மறுநாள் பூட்ஸில் உரசி உரிந்துவிட்டால், அதன் பின் எந்த மருந்தும் உங்களை மேடை முன் நிறுத்தாது.

கண்ணாடிப் பாத்திரங்கள், கண்ணாடி புட்டிகள் எதற்கும் அனுமதியில்லை. ஊறுகாயைக்கூடப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். இசை அரங்கினுள் எடுத்துச் செல்லும் பை ஏ4 தாள் அளவுக்குள் இருக்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, கடைகளில் ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு வகைகள் எந்நேரமும் கிடைக்கும். சைவ உணவுக் கடைகளும் இருக்கின்றன. ஆனாலும் இரண்டாம் நாள் மாலை நாக்கு தானாகவே புளிப்பையும் காரத்தையும் தேடத் தொடங்கும். நான் வழக்கமாகச் சப்பாத்தி, எள்ளுப்பொடி, கெட்டியான புளிக்காய்ச்சல், ஊறவைத்த உடனே உண்ணத்தக்க அவல் ஆகியவற்றை எடுத்துச் செல்வேன். ஹாம்பர்க் தமிழ்க் கடையில் கிடைக்கும் பருத்தித்துறை வடை இந்த விழாவுக்கென்றே செய்தது போன்றது. தட்டையாக, மொறுமொறுவென்று, நான்கு நாளும் கெடாமல் இருக்கும். பக்கத்துக் கூடாரக்காரர்களுக்கு இரண்டு நீட்டினால் அன்று மாலைக்குள் நட்பு உறுதி.

கூடாரம் அடிக்கும் இடம்

முதன்முறை சென்றபோது, மேடைக்குச் செல்லும் வழிக்கு அருகே காலியாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்து மகிழ்ந்து, அங்கேயே கூடாரம் அடித்தேன். அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்பது அன்றிரவு ஒன்றரை மணிக்குத் தெரிந்தது. சுற்றியிருந்த வயலின் நீரெல்லாம் வந்து சேரும் பள்ளம் அது. உறக்கப் பையின் அடியில் குளிர்ந்த நீர் பரவியதை முதுகு உணர்ந்த அந்தக் கணத்தை இன்றும் மறக்கவில்லை. பக்கத்தில் தங்கியிருந்த டென்மார்க் நாட்டுத் தம்பதியர் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் என் கூடாரத்தை நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கி மேட்டுக்கு மாற்றி, சூடான தேநீரும் தந்தார்கள்.

ஆகவே, மூட்டையை இறக்குமுன் நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். புல் மற்ற இடத்தைவிட அடர்ந்த பச்சையாக இருந்தால் அங்கே நீர் தங்குகிறது என்று பொருள். சற்றே சரிந்த மேட்டில், தலை மேல்பக்கம் வரும்படி படுக்கையை அமையுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் கூடார வாசல் கிழக்கு நோக்கி இருக்கட்டும். முளைகளைக் கூடாரத்தின் பக்கம் தலை சாயாமல், வெளிப்புறம் சாய்ந்திருக்குமாறு ஆழ அடிக்க வேண்டும். காலை ஐந்தரைக்கே சூரியன் எழுந்துவிடுவதால், கண்ணை மறைக்கும் துணி இல்லாவிட்டால் ஆறு மணிக்குமேல் உறக்கம் வராது. ஆயிரக்கணக்கான கூடாரங்கள் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், உயரமான கழியில் அடையாளம் கட்டுங்கள். எங்கள் குழு ஒரு காவித் துண்டைக் கட்டும். கைப்பேசியில் இருப்பிடத்தையும் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் கூட்டம் மிகுந்த நேரத்தில் வலைத்தொடர்பு அறுந்துபோகும். எனவே, இத்தனை மணிக்கு இந்த இடத்தில் சந்திப்போம் என்று நண்பர்களோடு வாய்மொழியாகவே முடிவுசெய்து வைப்பதுதான் பயன்படும்.

ஊருக்குள்

கையில் கட்டும் பட்டையில் ஒரு சிப் இருக்கும். அதில் பணம் ஏற்றி வைத்துக்கொண்டு அரங்கினுள் எல்லாச் செலவையும் அதன் வழியே செய்யலாம். ஊர்த் தெருவில் வீட்டுக்காரர்கள் போடும் கடைகளுக்குக் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்திருங்கள். காலையில் அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து வாருங்கள். வீட்டு முற்றத்தில் மேசை போட்டுக் காபியும் ரொட்டியும் விற்கும் பாட்டிமார்கள், சிறு கைவண்டியில் பார்வையாளர்களின் மூட்டைகளை இழுத்துக் காசு சேர்க்கும் பிள்ளைகள், கறுப்புச் சட்டைக் கூட்டத்துக்குக் கையசைக்கும் முதியவர்கள் என்று, ஒரு கிராமமே தன் திருவிழாவாக இதை ஏற்றுக்கொண்டிருப்பதைக் காணலாம். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் வீட்டுக்கு வீடு நீர்மோர் வைப்பார்களே, அந்த மனநிலை இங்கேயும் உண்டு. ஊர்த் தீயணைப்புப் படையினரின் பித்தளை வாத்தியக் குழு மேடையேறி வாசிப்பதும் விழாவின் மரபு. அதை அவசியம் கேளுங்கள்.

மேடை முன்னால்: எங்கே நிற்பது

ஃபாஸ்டர், ஹார்டர் என்ற இரு பெரிய மேடைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் நிகழ்ச்சி நடக்கையில் மற்றதில் அடுத்த குழுவின் கருவிகளை அமைக்கிறார்கள் என்பதால், ஒன்று முடிந்த சிறிது நேரத்தில் அடுத்தது தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, சற்றுப் பின்னால் நின்றால், சில அடிகள் நகர்ந்தே இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு நாளில் நான்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். அட்டவணையில் உள்ளதை எல்லாம் பார்க்க ஓடுபவர் எதையும் முழுதாகக் கேட்பதில்லை.

முன்வரிசையில் நின்றால்தான் இசை நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது தவறு. அங்கே கேட்பது பெரும்பாலும் தாழ்சுர ஒலிபெருக்கிகளின் இடியும் டிரம்ஸும்தான். பாடகரின் குரல் தலைக்கு மேலாகப் பறந்து பின்னால் போய்விடும். ஒலிப் பொறியாளர், குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸர் கருவியோடு அமர்ந்திருக்கும் கோபுரம் மேடைக்கு நேரெதிரே கூட்டத்தின் நடுவில் இருக்கும். அவர் தம் காதுக்கு ஏற்பவே எல்லாவற்றையும் சரிசெய்கிறார் என்பதால், அந்தக் கோபுரத்துக்குச் சற்று முன்னால் நிற்பதே கேட்பதற்குச் சிறந்த இடம். நூறு மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒலி ஏறத்தாழ வினாடியின் மூன்றில் ஒரு பங்கு தாமதமாகவே வந்து சேர்கிறது. அதனால்தான் வயலின் நடுவே உள்ள ஒலிபெருக்கிக் கோபுரங்களில் ஒலியை அதே அளவு தாமதித்து வெளியிடுகிறார்கள். காற்று வீசும்போது ஒலி அலைந்து மங்கினால், காற்று போகும் திசையில் சிறிது தூரம் நகர்ந்து பாருங்கள், வேறுபாடு தெரியும்.

ஒலியின் அளவைப் பற்றி நான் பிடிவாதமாகவே பேசுவேன். ஜெர்மனியின் டின் (DIN) 15905-5 என்ற தரவிதி, பார்வையாளர் நிற்கும் இடங்களிலேயே ஒலி மிகுந்த இடத்தில் அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலை (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு) தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் டெசிபல் மூன்று ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே பணியிடங்களில் காதுக்குரிய எல்லை என்று கொண்டால், 100 டெசிபலில் அந்த எல்லை பதினைந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஒரு பெரிய குழு ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறது. இது நான்கு நாள். உள்காதின் மயிர்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே இயர்பிளக் இல்லாமல் எவரையும் நான் உடன் அழைத்துச் செல்வதில்லை.

பஞ்சு போன்ற மலிவான இயர்பிளக்கே போதுமானது, ஆனால் சரியாகப் பொருத்த வேண்டும். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சி போல உருட்டிச் சுருக்குங்கள். வலக்காதுக்கு வைக்கும்போது இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, வலக்காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள்; வளைந்த செவிக்குழாய் நேராகும். அப்போது உருட்டியதை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும் வரை முப்பது வினாடி விரல்நுனியால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக அமைந்தால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போல ஆழமாகக் கேட்கும். அப்படிக் கேட்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இசையின் இனிமையைக் குறைக்கும் என்று அஞ்சுபவர்கள், எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் வடிகட்டி வகையை வாங்கலாம்.

கூட்டத்தின் நெரிசலில்

மெட்டல் ரசிகர்களின் தோற்றம் புதியவர்களை அச்சுறுத்தலாம். இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் கண்ட கூட்டங்களிலேயே ஒருவரை ஒருவர் அதிகம் கவனித்துக்கொள்ளும் கூட்டம் இதுதான். ஒருவரோடொருவர் மோதி ஆடும் பிட் என்னும் வட்டத்தில் யாராவது விழுந்தால், சுற்றியுள்ள நான்கைந்து பேர் அக்கணமே கைகளை விரித்து அரண்போல நின்று தூக்கிவிடுவார்கள். அதுவே அங்கே எழுதப்படாத முதல் விதி. ஆட விருப்பமில்லை என்றால் அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து பத்து அடி விலகி நின்றால் போதும். தலைக்கு மேலே கைகளால் கடத்தப்படும் மனிதர்கள் பின்பக்கமிருந்தே வருவார்கள் என்பதால், முன்னால் நிற்பவர்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் நெரிசல் என்பது நல்லெண்ணத்தால் மட்டும் தடுக்கக்கூடியது அல்ல. 2000 ஜூன் 30-ஆம் தேதி டென்மார்க்கின் ரோஸ்கில்ட விழாவில், பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, ஈரமான தரையில் வழுக்கி விழுந்தவர்கள் மேல் கூட்டம் சாய்ந்து ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் அடைந்துவிட்டால் கூட்டம் நீரைப் போல அலையடிக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் தனி மனிதரின் வலிமைக்குப் பொருளில்லை. உங்கள் கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை என்றாலே, வெளியேறும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். முழங்கைகளை மடக்கி, இரு கைகளையும் மார்புக்கு முன்னால் குத்துச்சண்டை வீரரைப் போல வைத்து, நெஞ்சு விரிய இடம் உண்டாக்குங்கள். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காதீர்கள்; அது ஓய்ந்து பின்வாங்கும் இடைவெளியில், ஒவ்வொரு முறையும் இரண்டடியாக, பக்கவாட்டில் குறுக்காக நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது, அது கைப்பேசியே ஆனாலும். முன்தடுப்புக்கு அருகில் இருந்தால் காவலரை நோக்கிக் கையசைத்தால் தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். அவர்கள் அங்கே நிற்பதே அதற்காகத்தான், தயங்க வேண்டியதில்லை.

அரங்கினுள் இலவசக் குடிநீர்க் குழாய்கள் உண்டு. ஒரு குழு முடிந்து அடுத்த குழு தொடங்குமுன் தண்ணீர் குடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மதுவை மட்டும் குடித்துவிட்டு வெயிலில் நிற்பவர்களைத்தான் முதலுதவிக் கூடாரத்தில் அதிகம் காணலாம்.

ஞாயிறு காலை

சனி நள்ளிரவில் இசை முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். உறங்கி எழுந்து, கூடாரத்தை ஈரத்தோடு மடித்தாலும் வீடு சேர்ந்த அன்றே விரித்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். குப்பையைப் பைகளில் கட்டி உரிய இடத்தில் சேர்த்துவிட்டு வாருங்கள், அது இன்னும் சில வாரங்களில் மாடு மேயப்போகும் நிலம். கைப்பட்டையில் மீதமிருக்கும் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கவும் மறக்க வேண்டாம். காதில் இரைச்சல் இருந்தால் இரண்டு நாள் ஹெட்போனைத் தொடாதீர்கள், அதன் பிறகும் குறையவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். இட்சஹோ ரயில் நிலையத்தில் சேறு படிந்த பூட்ஸும் கறுப்புச் சட்டையுமாகப் பெருங்கூட்டம் காத்திருக்கும். முதல் ரயிலில் இடம் கிடைக்காது என்று எண்ணியே நேரத்தை வகுத்துக்கொண்டு, மீதமிருக்கும் பருத்தித்துறை வடையைக் கைக்கு எட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.